கியர் விழ மறுப்பது ஏன்?

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அப்படி ஒரு பாதையில் லாரி இறங்குகிறது. டிரைவர் மூன்றாவது கியரில் இருந்து இரண்டாவதுக்கு மாற்றப் பார்க்கிறார். "கறகற" என்று சத்தம். கியர் விழவில்லை!

இப்போது லாரி நியூட்ரலில் ஓடுகிறது. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. இஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்காது. பாரம் முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும். பிரேக் அதிகமாகச் சூடேறினால் பிடிப்பு குறைந்துவிடும். சமவெளியில் கியர் கோளாறு செலவு வைக்கும். மலையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

பல்லோடு பல்

கியர் பெட்டிக்குள் ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றும். இன்னொன்று மெதுவாகச் சுற்றும். இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் சத்தம் இல்லாமல் சேரும். அந்தக் காலத்து டிரைவர்கள் இதற்காக "டபுள் கிளட்ச்" போட்டார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்துக் கியரைப் போடுவார்கள். கால் பழகப் பல மாதம் ஆகும்!

1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வேகத்தைத் தானே சமப்படுத்தும் ஏற்பாடு வந்தது. அதன் பெயர் "சிங்க்ரோமெஷ்." இன்றைய கார்களில் அந்த வேலையைச் சின்ன வளையங்கள் செய்கின்றன.

குற்றவாளி யார்?

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்து, கியரை மாற்றிப் பாருங்கள். இப்போது லேசாக விழுகிறதா? இஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் கிளட்ச்தான் குற்றவாளி. அது முழுவதும் விடுபடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம். எண்ணெயால் இயங்கும் கிளட்ச் என்றால் எண்ணெய் குறைந்திருக்கலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். எண்ணெயை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும்.

இஞ்சின் நின்ற பிறகும் விழவில்லையா? கியர் கம்பியையும் அதன் புஷ்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன புஷ் தேய்ந்ததற்குக் கியர் பெட்டியையே இறக்குகிறவர்களும் உண்டு!

ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினால் அதன் வளையம் தேய்ந்திருக்கலாம். அதற்குப் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். ரிவர்ஸ் கத்தினால் உடனே பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் ரிவர்சுக்கு வளையமே கிடையாது. வண்டி நின்றதும் கிளட்சை மிதித்து, இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள்.

புல் வெட்டும் வண்டி

மைதானங்களில் உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டிக்கும் இந்த நோய் உண்டு. கியர் உள்ள பல வண்டிகளை நிறுத்தித்தான் கியர் மாற்ற வேண்டும். கார் போல ஓட ஓட மாற்றினால் பல் உடையும். பெடலை மிதித்ததும் பெல்ட் தளர வேண்டும். புல் குப்பை அடைத்துக்கொண்டால் தளராது. குப்பையை எடுக்கும் முன் இஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். பிளேடுக்கு விரல் என்றும் புல் என்றும் தெரியாது.

மலையில் என்ன செய்வது?

இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு வந்துவிட வேண்டும். நடுவழியில் கியர் விழாவிட்டால் இஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். வேகம் ஏறும் முன் பிரேக்கை உறுதியாக அழுத்தி, ஓரமாக நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மெக்கானிக்கைத் தேடுவது அதற்குப் பிறகு.