வருகையின் உபதேசமும் வாக்குச்சீட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இவாஞ்சலிக்கல் சபையாருள் பெரும்பாலார் சுற்றுச்சூழல் சட்டங்களை ஐயத்தோடு நோக்குவதேன்? இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் வழங்கிவருகின்றன. ஆதியாகமம் மனிதனுக்கு அளித்த ஆளுகையை அவர்கள் சூறையாடும் உரிமையாகக் கொண்டனர் என்பது ஒன்று. மேலைக் கிறிஸ்தவத்தைக் குறித்து வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967இல் எழுதிய கட்டுரை இதற்கு வலுவூட்டிற்று. ஆண்டவரின் வருகை அண்மையிலிருக்க, ஒழிந்துபோகும் உலகைப் பேணுவானேன் என அவர்கள் எண்ணுகின்றனர் என்பது மற்றொன்று.

பின்னதற்குச் சான்றாக ஜேம்ஸ் வாட்டைக் காட்டுவர். பெந்தெகொஸ்தே சபையினரான இவர், ரேகன் ஆட்சியில் பொது நிலங்களுக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்தவர். ஆண்டவர் வருமுன் இன்னும் எத்தனை தலைமுறைகள் உண்டெனத் தாம் அறியார் என 1981இல் நாடாளுமன்றக் குழுவின்முன் கூறினார். எத்தனையாயினும், வருந்தலைமுறைக்கு வேண்டிய வளங்களை விட்டுச்செல்லுமாறு நாம் நிருவகிக்கவேண்டும் என்றும் உடனே சேர்த்துக்கொண்டார். உலகம் முற்பாதியை மட்டும் நினைவில் வைத்தது. அவர் பொது நிலங்களை நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் திறந்துவிட்டது மெய்யே. ஆயினும் அதற்கு வருகையின் உபதேசத்தைவிடச் சந்தைமீது கொண்ட விசுவாசமே காரணமெனத் தோன்றுகிறது.

பியூ ஆய்வு மையம் 2022இல் வெளியிட்ட கணக்கு இவ்விடையைத் தகர்க்கிறது. நாம் இறுதிக்காலத்தில் வாழ்கிறோம் என்போர் இவாஞ்சலிக்கல் சபையாரில் 63 விழுக்காடு. கறுப்பின மக்களின் மரபுவழிப் புராட்டஸ்டண்டு சபைகளிலோ 76. உபதேசமே காரணமாயின் இவர்களன்றோ பூமியைக் குறித்து அதிக அசட்டையாயிருக்கவேண்டும்? ஆனால் புவியின் தட்பவெப்ப மாற்றத்தை மிகக் கடுமையான சிக்கலாகக் காண்போர் முன்னவரில் 34 விழுக்காடு, பின்னவரில் 68. வேதாகமம் ஒன்றே, வாக்களிக்கும் கட்சிகளே வேறு. முன்னவருட் பெரும்பாலார் குடியரசுக் கட்சியையும், பின்னவருட் பெரும்பாலார் ஜனநாயகக் கட்சியையும் சார்ந்தவர். கட்சிச் சார்பே முதன்மையான காரணமென்று அவ்வாய்வும் கூறுகிறது. பிரசங்கியார் திருமறையை விளக்குவதாகவே எண்ணுகிறார். சபையாரும் அவ்வாறே கேட்கின்றனர். கட்சியின் குரல் பிரசங்க பீடத்தினின்று ஒலிப்பதை இருவருமே உணர்வதில்லை. இதுவே இறையியலார் கவலைகொள்ளவேண்டிய இடம்.

நிலைமை என்றும் இவ்வாறிருந்ததன்று. தென்னகப் பாப்டிஸ்டுப் பேரவை 1970இலேயே சுற்றுச்சூழலைக் காக்குமாறு தீர்மானம் இயற்றிற்று. அதே ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை நிறுவிய நிக்சன் குடியரசுக் கட்சியினரே. 1979இல் ஜெரி ஃபால்வெல் ‘ஒழுக்கப் பெரும்பான்மை’ இயக்கத்தைத் தொடங்கியபின் சபையும் கட்சியும் நெருங்கின. 2006இல் 86 இவாஞ்சலிக்கல் தலைவர்கள் தட்பவெப்பம் குறித்து நடவடிக்கை வேண்டி அறிக்கை வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே, கருச்சிதைவு, திருமணம் முதலிய பெரும் ஒழுக்கப் பிரச்சினைகளினின்று கவனம் திருப்பப்படுகிறதென ஜேம்ஸ் டாப்சன் முதலானோர் கண்டித்தெழுதினர். அக்கடிதத்தில் மேலோங்கிநின்ற அச்சம், கூட்டணி சிதறிவிடும் என்பதே.

கறுப்பினச் சபைகளின் கவலைக்குக் கட்சி மட்டும் காரணமன்று. 1982இல் வட கரோலினாவின் வாரன் வட்டத்தில் நச்சுக் கழிவு கலந்த மண்ணைப் புதைக்க அரசு முற்பட்டபோது, மக்கள் பாப்டிஸ்டு ஆலயமொன்றில் கூடி ஜெபித்து, அங்கிருந்தே ஊர்வலமாய்ச் சென்று லாரிகளை மறித்தனர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆண்டவர் விரைவில் வருவார் என்று விசுவசித்தவர்கள் அவர்களிலும் உண்டு. புதைகுழி அவர்கள் ஊரிலேயே இருந்தது.