ஒரு காணிக்கு எத்தனை குதிரை?

உப்பளத்தில் வீடு, பாகூர்ப் பக்கம் ஒரு காணி நிலம். புதுச்சேரியில் இப்படிக் கடற்கரையில் உடம்பும் ஏரிக்கரையில் மனசுமாக வாழ்கிறவர்கள் உண்டு. பேச்சில் அது காணி, நூறு குழி. பட்டாவில் பிரெஞ்சுக் காலத்துக் கணக்குப்படி 53 ஆர், சொச்சம் சென்டியார். விழுப்புரத்துச் சம்பந்திக்குச் சொல்லும்போது ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்.

நட்டு மூன்று வருடமான தென்னை, வரப்போரம் நாலைந்து மா, முருங்கை, மீதி வெறும் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எட்டிப் பார்க்க முடியாமல் மார்கழியில் போனால் புல் முட்டியைத் தொடுகிறது. திரும்பி வரும் வழியிலேயே யோசனை பிறந்துவிடும்: ஒரு மினி டிராக்டர் வாங்கிப் போட்டுவிடலாமா? அடுத்தது, எத்தனை ஹெச்.பி.?

என்னைக் கேட்டால் ஹெச்.பி. கடைசியில் கேட்க வேண்டியது. அந்தப் புல்லை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். கத்தரிப்பதா, அடித்துச் சாய்ப்பதா, மண்ணோடு புரட்டுவதா? மூன்று வேலைக்கும் மூன்று இயந்திரம்.

கத்தரிக்கும் இயந்திரத்துக்குத் தாய்வீடு துணி மில். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர் கம்பளித் துணிக்குப் பெயர்போனது. நெய்து வந்த துணியின் மேல் தூக்கி நிற்கும் பிசிறை, சுருள் கத்திகள் பொருத்திய உருளை ஒன்று சுழன்று மழித்துவிடும். அதைப் பார்த்த எட்வின் பியர்ட் பட்டிங், துணி இருந்த இடத்தில் புல்தரையை வைத்து யோசித்தார். 1830-இல் காப்புரிமை வாங்கினார். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்களே என்று இரவில்தான் ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில்லுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த உப்பளத்துக்காரர்களுக்கு இந்தப் பூர்வீகம் அந்நியமாகத் தோன்றாது. என்ன, இங்கே ஓடியது பருத்தி.

உருளைக் கத்தி புல்லை இழுத்து, கீழே அசையாமல் இருக்கும் இன்னொரு கத்தியோடு சேர்த்து நறுக்கும். கத்தரிக்கோல் வேலைதான். நுனி கிழியாமல் வெட்டுவதால் கிரிக்கெட் பிட்சுக்கும் பூங்காப் புல்தரைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும், புல் குட்டையாக இருக்க வேண்டும். மார்கழிப் புல்லில் இதை இறக்கினால் நாலடி போவதற்குள் சிக்கி நின்றுவிடும்.

அடித்துச் சாய்ப்பது வேறு வித்தை. படுக்கைவாட்டில் சுழலும் ஒரு பட்டைப் பிளேடு, அவ்வளவுதான். எதிர்க் கத்தி கிடையாது, வேகம்தான் வெட்டுகிறது. முனைக்கு முனை அரை மீட்டர் நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அதன் முனை மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வளைந்து கொடுக்கப் புல்லுக்கு நேரமே கிடைப்பதில்லை. நடுவில் அகப்படும் கூழாங்கல்லும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வெளியே வரும். கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல், லுங்கியும் ஹவாய் செருப்புமாக இதை ஓட்டுவது வீரமாகாது.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டரும் இதே சாதி. அதில் பிளேடுக்குப் பதில் நைலான் நரம்பைச் சுழற்றலாம் என்று 1971-இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலஸ். கார் கழுவும் இடத்தில் சுழன்ற நைலான் பிரஷ்களைப் பார்த்து வந்த யோசனை அது. முதல் மாதிரியைத் தகர டப்பாவில் துளைபோட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்துச் செய்தார். கல்லில் பட்டால் நரம்பு தேயும், அவ்வளவுதான்; அதனால் வேலியோரத்துக்கு நல்லது. மாங்கன்று, முருங்கைக் கன்றின் அடியில் மட்டும் கவனம். பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால், இலை செய்த உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் கன்று மெல்லச் சாகும். தென்னைக்கு இந்தப் பயம் குறைவு. அதன் குழாய்கள் பட்டைக்குக் கீழே மட்டும் இல்லாமல் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

மூன்றாவது, ரோட்டவேட்டர். ஓட்டிய அன்று நிலம் சீவிவிட்ட தலை மாதிரி இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பத் தோன்றும். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். அறுகு கணுவுக்குக் கணு வேர்விடும் புல். ரோட்டவேட்டர் அதைத் துண்டு துண்டாக்கி நிலம் முழுக்க நட்டுத் தந்திருக்கும். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு. அதையும் இழுத்துப் பரப்பியிருக்கும். மணக்குள விநாயகருக்குக் காசு கொடுத்து வாங்கிச் சாத்துகிற அறுகை, பாகூரில் டீசல் செலவழித்துப் பெருக்குகிறோம். தென்னைக்கும் இது ஆகாது. அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குள் உணவு உறிஞ்சும் வேர்கள் மேலாகவே ஓடுகின்றன. ரோட்டவேட்டர் அவற்றை அறுத்துவிடும். பயிர் வைக்கும் எண்ணமில்லாத இடத்தைப் புரட்டாதீர்கள், வெட்டிவிடுங்கள். வெட்டிய புல் தென்னைக்கு மூடாக்காகும்.

இனி எடை. விலைப்பட்டியலில் கடைசி வரியில் இருக்கும் இந்த எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். புதுச்சேரிக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. பாகூர் ஏரிப் பாசனத்து மண்ணோ களி. ஆக, புல் ஓங்கி வளரும் அதே வாரங்களில் மண் சக்கரத்தைத் தாங்காது. கோரிமேட்டுச் செம்மண்ணில் மழை விட்டு இரண்டு நாளில் வண்டி இறங்கலாம். பாகூரில் இறங்கினால் அந்தச் சக்கரத் தடம் சித்திரையில் செங்கல்லாக நிற்கும். ஈரக் களியில் பாரம் ஏறும்போது மண்ணுக்குள் இருக்கும் காற்று இடுக்குகள் நசுங்குகின்றன. வேருக்கு மூச்சு முட்டும், அடுத்த மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காது.

45 ஹெச்.பி. டிராக்டர் இரண்டு டன்னை ஒட்டி இருக்கும். 15 ஹெச்.பி. மினி டிராக்டர் ஏறக்குறைய 800 கிலோ. தோட்டப் பயிருக்கென்று 2021-இல் வந்த 11 ஹெச்.பி. ஸ்வராஜ் கோட் அரை டன்னுக்கும் குறைவு. பவர் டில்லர் 400 கிலோவைச் சுற்றி. பிரஷ் கட்டர் பத்து கிலோவுக்குள். அந்த எடையை மண் சுமக்காது, நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

இதில் பவர் டில்லர் ஜப்பானின் சின்னச் சின்ன நெல் வயல்களில் பழகி வந்தது. 1967-இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியோடு சேர்ந்து அதை இங்கே பரப்பியது. சேற்றுக்கு நல்ல மாடு. ஆனால் பின்னாலேயே நடந்து, கைப்பிடி அதிர்வைத் தாங்கி, வளைவில் முழு வண்டியையும் திருப்ப வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு நிலம் வாங்கியவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

மினி டிராக்டர்தான் என்று முடிவு கட்டினால், கடைக்குப் போகுமுன் ஒரு டேப்போடு நிலத்துக்குப் போங்கள். 25 அடி இடைவெளித் தென்னைக்குள் எந்த வண்டியும் நுழையும். ஆறடி இடைவெளி வாழைக்குள் மூன்றடி, மூன்றரை அடி அகல வண்டிதான் இலை கிழியாமல் போய் வரும். கேட்டை அளங்கள், வாய்க்கால் மேல் போட்ட சிமென்ட் பலகையையும் பாருங்கள். கடையில் சொல்லும் ஹெச்.பி. எஞ்சினுடையது. கருவியைச் சுழற்றப் பின்தண்டுக்கு வருவது அதைவிடக் குறைவு, எனவே பி.டி.ஓ. ஹெச்.பி. எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். வரப்பில் ஏறி இறங்கும்போது டிராக்டர் குடை சாய்வது புதிய சங்கதி இல்லை. சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புச் சட்டத்தை ஸ்வீடன் 1959-இலேயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. தென்னை ஓலை இடிக்கிறது, கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் ஒரு காணிக்கு அது தேவையா? பெரிய டிராக்டர் ஒரு காணியை ஒருமுறை ஓட்ட இரண்டு மணி நேரம் தாராளம். வருடத்துக்கு நாலு ஓட்டு என்றாலும் எட்டு மணி. டிராக்டர் செலவுக் கணக்கில் ஆண்டுக்கு 1000 மணி ஓட்டம் என்று வைப்பது வழக்கம். மிச்சமுள்ள 992 மணிக்கும் சேர்த்து நீங்கள் தவணை கட்டுவீர்கள். பாகூர்ப் பக்கம் புதுச்சேரியும் கடலூர் மாவட்டமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடப்பதால் பி.ஒய். 01 வண்டி கிடைக்காவிட்டால் டி.என். 31 வண்டி வரும். மாசியில் மண் காய்ந்ததும் மணிக் கணக்கில் வாடகைக்குச் சொல்லி, திறந்தவெளியை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். நாலைந்து காணி வாழையோ பூவோ வைத்திருந்து, பக்கத்து நிலத்துக்கும் ஓட்டிக் கொடுப்பவருக்கு மினி டிராக்டர் சொந்தமாக இருப்பதில் நியாயம் உண்டு.

ஒரு காணிக்கு நான் வாங்குவதாக இருந்தால் 35 சி.சி. நாலு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்று போதும். இரண்டு ஸ்ட்ரோக் இன்னும் லேசு, ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. கலக்க மறந்தால் பிஸ்டன் போய்விடும். மார்கழி, தை இரண்டு மாதமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, புல் பூக்குமுன் வெட்ட வேண்டும்.

வாங்கியதை உப்பளத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைக்காதீர்கள். ஊரின் பெயரே காரணத்தைச் சொல்கிறது. உப்புக் காற்று பிளேடையும் ஸ்பிரிங்கையும் ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டாங்கில் கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். சீசன் முடிந்ததும் டாங்கைக் காலிசெய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிளேடில் ஆயில் தடவி, பாகூர் மோட்டார் கொட்டகையிலேயே பூட்டிவிட்டு பஸ் ஏறுங்கள்.