ஆட்டுப்பால் கெட்டதை அறிவது எப்படி?

திருவேங்கடம் பகுதிக் கரிசல் காட்டில் வளரும் கன்னி ஆடு இறைச்சிக்கே பேர்போனது. எனினும், குட்டி குடித்தது போக மீதியைக் கறக்கும் வீடுகளில் கவனம் தேவை. கோடை வெப்பத்தில் பச்சைப் பால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும்.

மடியைக் கழுவித் துடைத்த பின் கறக்க வேண்டும். முதல் இரண்டு பீச்சலைத் தனியே பிடித்துப் பார்க்கவும். அதில் திரியோ ரத்தமோ தென்பட்டால் மடிநோய், அப்பாலை உபயோகிக்கலாகாது. நல்ல பாலை உடனே வடிகட்டி, பொங்கக் காய்ச்சி, மூடி, குளிர்ந்த நீருள்ள அகன்ற பாத்திரத்தில் வைப்பது நலம். காலைப் பாலை மாலைக்குள் செலவழித்துவிட வேண்டும்.

புளித்த வாடையும், காய்ச்சும்போது திரிவதும் கெட்டதற்கு அடையாளம். குட்டி ஈன்ற முதல் நாட்களில் வரும் சீம்பால் கட்டியாவது இயல்பே. கிடாவின் வாடை பாலில் ஏறுவதும் உண்டு; அது கெட்ட பால் அன்று.

ஆனால் நல்ல வாடை மட்டும் போதாது. மால்டா தீவில் பரவிய ஒரு காய்ச்சலுக்கு, நோயின்றித் தோன்றிய ஆடுகளின் பச்சைப் பாலே காரணம் என்று 1905இல் கண்டறிந்தனர். அக்கிருமியைக் கண்ணும் மூக்கும் காட்டா, காய்ச்சினால் அழியும். ஆகவே குழந்தைகளுக்குப் பச்சைப் பால் கொடுக்கவே கூடாது.