இருபது டிகிரி வடக்கே ஓர் ஏவுதளம்

'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்று ஒரு கணினி விளையாட்டு. மெக்ஸிகோ நகரத்தில் இருந்த ஸ்குவாட் என்ற நிறுவனம் 2011-இல் முதன்முதலாக வெளியிட்டது. கெர்பின் என்ற கோளில் வாழும் பச்சை நிறக் குள்ளர்கள் ராக்கெட் கட்டி விண்ணுக்குப் போவார்கள். பார்க்கப் பொம்மைக் கூத்து மாதிரி இருக்கும். ஆனால் ஈர்ப்பு, வேகம், எரிபொருள் விஷயத்தில் அது ரொம்பக் கறார். கணக்குத் தப்பினால் ராக்கெட் விழும்.

கெர்பினின் நடுக்கோட்டை ஒட்டி, கடற்கரையில், விண்வெளி மையம் இருக்கிறது. நாம் கட்டும் ராக்கெட்டுகள் அங்கிருந்துதான் கிளம்பும். அந்த மையத்தின் ஓடுபாதையில் ஒரு விமானத்தை ஏற்றி, வடமேற்காகத் திருப்பி, மலைகளைத் தாண்டி 750 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிப் போனால், கீழே கட்டடங்கள் தெரியும். பக்கத்தில் ஓர் ஏவுமேடை. வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறந்தாலும் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விளையாட்டை உருவாக்கியவர்கள், தேடிப்போகிறவர்களுக்காக ஒளித்துவைத்த இடம் அது. நாம் வாங்கும் விளையாட்டில் அங்கிருந்து ராக்கெட் ஏவ வழி தரப்படவில்லை. ரசிகர்கள் எழுதிய சில 'மாட்' நிரல்களைச் சேர்த்தால் ஏவலாம். பைக்கனூர் என்ற நிஜ ஏவுதளத்தை நினைத்து அதற்குப் பைகெர்பானூர் என்று பெயர். நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 20.6 டிகிரி வடக்கே இருக்கிறது.

அங்கிருந்து ஏவினால் என்ன வித்தியாசம்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நடுக்கோட்டில் கோள் வேகமாகச் சுழலும், அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும். வடக்கே போகப்போக அது குறையும்." பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் படித்தோம். தப்பில்லை. ஆனால் எவ்வளவு குறையும் என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

கெர்பின் சின்னக் கோள். ஆரம் 600 கிலோமீட்டர்தான். ஆறு மணி நேரத்தில் ஒரு முறை தன்னைத் தானே சுற்றிவிடும். அதனால் நடுக்கோட்டில் நிற்கும் ராக்கெட் கிளம்பும் முன்பே கிழக்கு நோக்கி வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பைகெர்பானூரில் அதே வேகம் 164 மீட்டர். குறைந்தது வெறும் 11. தாழ்வான சுற்றுப்பாதையை எட்ட மொத்தம் சுமார் 3,400 மீட்டர் வேகம் ராக்கெட் தன் எரிபொருளில் சம்பாதிக்க வேண்டும். அதில் 11 என்பது கணக்கிலேயே சேராது.

அப்படியானால் நடுக்கோட்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு? அதற்கு, சுற்றுப்பாதை என்பது எப்படி அமைகிறது என்று பார்க்க வேண்டும். பைகெர்பானூரிலிருந்து நேர் கிழக்காக ராக்கெட்டை விடுகிறோம். அது அதே இருபது டிகிரிக் கோட்டின் மேலேயே கோளைச் சுற்றிவரும் என்றுதான் மனசு சொல்லும். வராது. ஈர்ப்பு ராக்கெட்டைக் கோளின் மையத்தை நோக்கி இழுக்கிறது. மையமோ ராக்கெட்டுக்குக் கீழேயும் தெற்கேயும் இருக்கிறது. எஞ்சின் நின்ற பிறகு ராக்கெட் மெல்லத் தெற்கே சரியும், நடுக்கோட்டைக் கடக்கும், அந்தப் பக்கம் இருபது டிகிரி வரை போகும், மறுபடி வடக்கே ஏறிவரும்.

ஒரு சாத்துக்குடியைச் சரிபாதியாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கத்தியை எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் அது நடு மையத்தின் வழியாகப் போயாக வேண்டும். பழத்தின் இடுப்பில் கத்தி வைத்தால் கிடைமட்டமாக வெட்டலாம். இடுப்புக்குச் சற்று மேலே வைத்தால் கத்தி சாய்ந்தே தீரும். இன்னும் மேலே வைத்தால் இன்னும் சாயும். சுற்றுப்பாதையும் இப்படித்தான். 20.6 டிகிரியிலிருந்து கிளம்பினால் பாதையின் சாய்வு குறைந்தபட்சம் 20.6 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு சாய்வு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கீழே கொண்டுவர முடியாது.

சாய்ந்த பாதையைப் பிறகு நிமிர்த்தலாமே என்று தோன்றும். நிமிர்த்தலாம். விலையைத்தான் பார்க்க வேண்டும். தாழ்வான பாதையில் ராக்கெட் வினாடிக்கு 2,280 மீட்டர் வேகத்தில் போகிறது. வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், திசையை மட்டும் 20.6 டிகிரி திருப்ப, சுமார் 815 மீட்டர் வேகத்துக்கான எரிபொருள் செலவாகும். 11 எங்கே, 815 எங்கே! 2018-இல் வந்த 'மேக்கிங் ஹிஸ்டரி' என்ற கூடுதல் தொகுப்பில் வூமராங் என்று ஓர் ஏவுதளம் உண்டு, 45 டிகிரி வடக்கே. அங்கிருந்து ஏவி நடுக்கோட்டுப் பாதைக்குத் திருப்ப வேண்டுமானால் 1,750 மீட்டர் ஆகும். ஏறிவரச் செலவழித்ததில் பாதி, வெறும் திரும்பலுக்கே போய்விடும்.

இதை விளையாட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். வரைபடத் திரைக்குப் போய், பாதையில் நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஆறு கைப்பிடிகள் விரியும். அதில் ஊதா நிறத்தில் இரண்டு. ஒன்றைப் பிடித்து இழுத்தால், புதிய பாதை புள்ளிக்கோடாகத் தோன்றி, சாய்ந்த வளையம் மெல்ல மெல்லப் படுக்கும். ஓரத்தில் செலவுக் கணக்கு 100, 300, 600 என்று ஏறும். வளையம் இன்னும் முழுசாகப் படுத்திருக்காது. இந்த விளையாட்டு எத்தனையோ விஷயங்களைச் சொல்லித் தருகிறது. வேகமாகப் போகும் ஒன்றைத் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நிலாவுக்குப் போக இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கெர்பினின் நிலாவான மன், சரியாக நடுக்கோட்டுக்கு மேலே சுற்றுகிறது. நம் சாய்ந்த பாதையின் தளத்தை அது ஒரு சுற்றில் இரண்டு முறை கடக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 38 மணி நேரம் என்பதால், 19 மணி நேரத்துக்கு ஒரு வாய்ப்பு. அந்த நேரம் பார்த்துக் கிளம்பினால் பாதையைத் திருப்பாமலே மன்னைப் பிடித்துவிடலாம். காத்திருக்கத் தெரிந்தவருக்குப் பைகெர்பானூர் அப்படியொன்றும் மோசமான இடமில்லை.

நம் பூமியிலும் இதே கணக்குதான். பைக்கனூர் சுமார் 46 டிகிரி வடக்கே. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ 5 டிகிரி. 2011 அக்டோபரில் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் முதன்முதலாகக் கூரூவிலிருந்து பறந்தது. புவிநிலைப் பாதைக்குப் போகும் செயற்கைக்கோள்களை அனுப்புவதில் அதன் திறன், பைக்கனூரில் இருந்த 1.7 டன்னிலிருந்து சுமார் 3 டன்னாக உயர்ந்தது. பூமியின் சுழற்சி வேகத்துக்கும் அதில் பங்கு உண்டு. பெரும்பங்கு, திருப்ப வேண்டிய கோணம் குறைந்ததற்குத்தான்.

இதைப் புரிந்துகொண்டால் நம் ஊர்ச் சேதி ஒன்றும் தெளிவாகும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். "பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள்" என்று பலரும் சொல்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டா 13.7 டிகிரி, குலசேகரன்பட்டினம் 8.4 டிகிரி. பக்கம்தான். ஆனால் அங்கிருந்து முக்கியமாக அனுப்பப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட், அதுவும் வடக்கு தெற்காகத் துருவங்களுக்கு மேலே போகும் பாதைகளுக்கு. அந்தப் பாதைக்குக் கிழக்கு நோக்கிய சுழற்சி வேகம் உதவவே உதவாது, கொஞ்சம் இடைஞ்சல்கூட. பைகெர்பானூரிலிருந்தும் துருவப் பாதைக்கு ஏவினால் நடுக்கோட்டு மையத்தைவிட ஒரு சொட்டு எரிபொருள்கூட அதிகம் ஆகாது.

குலசேகரன்பட்டினத்துக்கான காரணம் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் குறுக்கே இலங்கை வரும். கழன்று விழும் பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடாது. அதனால் ராக்கெட் முதலில் தென்கிழக்காகக் கடலுக்கு மேலே போய், இலங்கையைத் தாண்டியபின் தெற்கே வளைகிறது. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் பெரியது, அந்தச் செலவைத் தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. தாழ்வான பாதைக்குக் கொண்டுபோவதே 500 கிலோ. அதில் இந்த ஒரு திரும்பல் பெரும்பகுதியைத் தின்றுவிடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் கடல்தான், ராக்கெட் எங்கும் திரும்ப வேண்டியதில்லை.