குளிசை அட்டையில் உள்ள எண்ணை எப்படி நம்புவது?

அஸ்பிரின் குளிசை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 300 மில்லிகிராம் என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அந்தக் குளிசையைத் தராசில் வைத்தாலோ அதைவிடக் கூடுதலான நிறை காட்டும். குளிசை உடையாதிருக்கவும் வயிற்றினுள் இலகுவாகக் கரையவும் மாப்பொருள் போன்ற வேறு பொருட்களும் அதில் சேர்க்கப்படுகின்றன. ஆகவே நிறுத்துப் பார்த்து மட்டும் உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வைத்தியர் மருந்து எழுதுவதும் நோயாளி அதை விழுங்குவதும் அந்த எண்ணை நம்பித்தான். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் வழியே அளவறி பகுப்பு.

ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்பது பண்பறி பகுப்பு. எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது அளவறி பகுப்பு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் மருந்தகவியல் படிக்கும் மாணவர்கள் இதனை விரிவாகக் கற்கிறார்கள். உயர்தர இரசாயனவியல் படிக்கும் நாமும் ஆய்வுகூடத்தில் நியமிப்பைச் செய்யும்போது இதே பாதையில்தான் முதலடி வைக்கிறோம்.

அஸ்பிரினையே உதாரணமாகக் கொள்வோம். அது ஓர் அமிலம். எனவே செறிவு தெரிந்த காரத்தைக் கொண்டு நேரடியாக நியமிக்கலாமே என்று தோன்றும். ஆனால் அஸ்பிரின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். அத்துடன் அதன் மூலக்கூறில் உள்ள எசுத்தர் பகுதி காரத்துடன் மெதுவாகவே தாக்கமுறும். இதனால் பின்னியமிப்பு என்னும் முறை கையாளப்படுகிறது. உம்மா நம்மிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார். திரும்பி வந்ததும் மீதியை எண்ணிப் பார்த்து எவ்வளவு செலவானது என்று அறிந்துகொள்கிறார். பின்னியமிப்பும் அப்படித்தான். காரத்தைத் தேவைக்கு அதிகமாகவே கொடுத்து, மிஞ்சியதை அளந்து, செலவானதைக் கணக்கிடுகிறோம்.

முதலில் 20 குளிசைகளை நிறுத்துத் தூளாக்க வேண்டும். அவற்றின் மொத்த நிறை 7.20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு குளிசையின் சராசரி நிறை 0.360 கிராம். தூளில் 0.600 கிராமை எடுத்தால், அட்டையில் உள்ள எண்ணின்படி அதில் 500 மில்லிகிராம் அஸ்பிரின் இருக்க வேண்டும். அதனுடன் லீற்றருக்கு 0.5 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 30.00 மில்லிலீற்றரைச் சேர்த்து, 10 நிமிடங்கள் மெதுவாகக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். பின்னர் பினோல் சிவப்புக் காட்டியைச் சேர்த்து, அதே செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தை அளவியிலிருந்து சிவப்பு நிறம் மஞ்சளாகும்வரை விட வேண்டும்.

அமிலம் 19.10 மில்லிலீற்றர் செலவானது என்போம். மருந்துத் தூள் இன்றி இதே படிமுறைகளைச் செய்த வெற்றுச் சோதனையில் 30.00 மில்லிலீற்றர் செலவானது என்றால், அஸ்பிரினுக்காகச் செலவான காரம் 10.90 மில்லிலீற்றர். அஸ்பிரினின் ஒரு மூல் காரத்தின் இரண்டு மூல்களுடன் தாக்கமுறுகிறது. அதன் மூலர்த் திணிவு 180.16 கிராம். இதன்படி இந்தக் காரக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலீற்றரும் 45.04 மில்லிகிராம் அஸ்பிரினுக்குச் சமன். 10.90 ஐ 45.04 ஆல் பெருக்க, தூளில் 490.9 மில்லிகிராம் அஸ்பிரின் இருப்பது தெரிகிறது. ஒரு குளிசைக்குக் கணக்கிட்டால் 294.6 மில்லிகிராம். அதாவது அட்டையில் சொல்லப்பட்டதில் 98.2 சதவீதம். பிரித்தானிய மருந்து நியம நூல் இத்தகைய குளிசைகளுக்கு 95 முதல் 105 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஆகவே நமது குளிசை தேறிவிட்டது.

ஆய்வுகூடத்தில் ஆசிரியைகள் ஏன் ஒவ்வொரு துளிக்கும் கண்டிப்பாக இருக்கிறார்கள் என்பது இங்கேதான் விளங்கும். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். அந்த ஒரு துளி கூடினாலோ குறைந்தாலோ விடையில் 2 மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசம் வரும். அளவியை அமிலத்தாலேயே கழுவி நிரப்ப வேண்டும் என்பார்கள். அதில் நீர் தங்கியிருந்தால் அமிலத்தின் செறிவு குறைந்துவிடும். நியமிப்புக் குடுவையையோ நீரால் மட்டுமே கழுவ வேண்டும். அதில் நீர் தங்கியிருந்தாலும் உள்ளே இருக்கும் பதார்த்தத்தின் மூல் எண்ணிக்கை மாறாது. மனனம் செய்யும் விதிகளைப் போலத் தோன்றும் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

இனி முக்கியமான ஒரு விடயத்துக்கு வருவோம். ஈரம் பட்ட பழைய அஸ்பிரின் போத்தலைத் திறந்தால் வினாகிரி மணம் வீசும். அஸ்பிரின் நீருடன் தாக்கமுற்றுச் சலிசிலிக் அமிலமாகவும் அசற்றிக் அமிலமாகவும் பிரிந்திருப்பதே அதற்குக் காரணம். இப்படிப் பழுதடைந்த குளிசையை மேற்சொன்ன முறையில் நியமித்தால் என்ன நடக்கும்? பிரிந்துபோன இரண்டு அமிலங்களும் சேர்ந்து அதே இரண்டு மூல் காரத்தையே எடுக்கும். அசற்றிக் அமிலம் ஆவியாகி வெளியேறாத வரை நல்ல குளிசைக்கு வரும் விடையே இதற்கும் வரும்! நியமிப்பு பொய் சொல்லவில்லை. எவ்வளவு காரம் செலவாகும் என்று கேட்டோம். அதற்குச் சரியான பதிலைத் தந்தது. மருந்து பழுதடைந்துள்ளதா என்று அறிய வேறொரு கேள்வி கேட்க வேண்டும். பெரிக் குளோரைட்டுக் கரைசல் சலிசிலிக் அமிலத்துடன் ஊதா நிறம் தரும். எச்.பி.எல்.சி. எனப்படும் கருவியோ கலவையிலுள்ள சேர்வைகளைப் பிரித்து ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே காட்டும்.

சராசரியும் இப்படித்தான் ஒன்றை மறைத்துவிடும். ஒரு குளிசையில் 100 மில்லிகிராமும் இன்னொன்றில் 500 மில்லிகிராமும் இருந்தாலும் சராசரி 300 தான். ஆனால் நோயாளி விழுங்குவது சராசரியை அல்லவே! இதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் டிகொக்சின் குளிசையில் இருப்பது 0.25 மில்லிகிராம் போன்ற மிகச் சிறிய அளவு. அதில் சிறிது கூடினாலும் ஆபத்து. எனவே இத்தகைய மருந்துகளில் குளிசைகளைத் தனித்தனியே சோதிக்கிறார்கள்.

தவறான கேள்வி கேட்டால் எவ்வளவு பெரிய விலை கொடுக்க நேரும் என்பதை 2008 ஆம் ஆண்டில் சீனா கண்டது. பாலில் நீர் கலந்தவர்கள், புரதம் குறைந்திருப்பது தெரியாதிருக்க மெலமைன் என்ற பொருளைச் சேர்த்தனர். அக்காலத்தில் வழக்கிலிருந்த சோதனை புரதத்தை நேரடியாக அளக்கவில்லை. நைதரசனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணித்தது. மெலமைனின் திணிவில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். எனவே கலப்படப் பால் சோதனையில் தேறியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்தனர். அங்கே எண் சரியாகத்தான் இருந்தது. அது எதைக் குறிக்கும் எண் என்பதைத்தான் எவரும் கேட்கவில்லை.

நமது நாட்டில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. மருந்துகளின் தரத்தைச் சோதிப்பதற்கென ஓர் ஆய்வுகூடமும் உண்டு. அங்கே அளவியின் முன்னும் கருவிகளின் முன்னும் நிற்பவர்களை நோயாளிகள் ஒருபோதும் காண்பதில்லை. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றி அல்-குர்ஆனில் ஸூரா அல்-முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. சந்தைத் தராசுக்கு உள்ள அந்தப் பொறுப்பு ஆய்வுகூடத் தராசுக்கும் உண்டு.

பெற்றோர்களே, குளிசைகளை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வினாகிரி மணம் வீசும் அஸ்பிரினைக் காலாவதித் திகதி தாண்டாவிட்டாலும் பாவிக்காதீர்கள். தோழியரே, அடுத்த செய்முறைப் பாடத்தில் விடையை எழுதி முடித்ததும் அதன் கீழே இன்னொரு வரியும் எழுதிப் பாருங்கள்: "இந்த எண் எதை அளந்தது? எதை அளக்கவில்லை?" நாளை உங்களில் ஒருவர் மருந்தாளராகி ஒரு தர அறிக்கையில் கையொப்பமிடும்போது, அந்த வரி ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவரின் உயிரைக் காக்கக்கூடும்.