வானத்தில் ஒரு கணக்குப்பிள்ளை!

நடுக்காட்டில் ஒருவர் திருட்டுத்தனமாக மரம் வெட்டுகிறார். சுற்றிலும் ஆள் இல்லை. 700 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து ஒரு கண் அதைப் பார்த்து விடுகிறது. பிறகு அவர் கடன் கேட்டு பாங்குக்குப் போனால், "கிடையாது" என்கிறார்கள்!

இது மாயாஜாலக் கதை அல்ல. தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டில் நடப்பது.

அங்கே பாரா மாகாணத்தில் பரகோமினாஸ் என்று ஓர் ஊர். 1965-ல் உண்டானது. பாரா, கோயாஸ், மினாஸ் ஜெராயிஸ் என்ற மூன்று மாகாணங்களின் பெயர்களை வெட்டி ஒட்டி, இந்த ஊருக்குப் பெயர் வைத்தார்கள்.

ஊர் என்றதும் நாலு தெரு, ஒரு சந்தை என்று எண்ணி விடாதீர்கள். அந்த நகரசபையின் எல்லை சுமார் 19 ஆயிரம் சதுர கிலோமீட்டர். குவைத் நாடே அதைவிடச் சிறியது!

மரம்தான் சோறு

சுற்றிலும் அமேசான் காடு. குடியேறியவர்கள் காட்டை அழித்து மாடு மேய்த்தார்கள். பிறகு மர அறுவை மில்கள் வந்தன. நூற்றுக்கணக்கில் வந்தன.

அடிதடியும் கொலையும் சகஜம். "பாலா" என்றால் அவர்கள் பாஷையில் துப்பாக்கிக் குண்டு. ஊரின் பெயரையே "பரகோபாலாஸ்" என்று மாற்றிக் கேலி செய்தார்கள்.

வெட்டின மரத்துக்குக் கையில் காசு. நிற்கிற மரத்துக்கு யார் காசு தருவார்கள்? ஆகவே வெட்டினார்கள்.

கண் எப்படிப் பார்க்கிறது?

பிரேசிலில் "இன்பே" என்ற விண்வெளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1988 முதல் ஆண்டுதோறும் அது செயற்கைக் கோள் படங்களை வைத்து, எவ்வளவு காடு அழிந்தது என்று கணக்கு எடுக்கிறது.

பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். வெறும் மண் அந்த அளவுக்கு அனுப்பாது. போன வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் அருகருகே வைத்தால், மரம் போன இடம் தெரிந்து விடும். சுமார் 15 ஏக்கர் அழிந்தாலும் கணக்கில் ஏறும்.

மேகம் மூடினால் கண் மறைந்து விடும். பெரிய மரங்களின் நிழலில் ஒன்றிரண்டை மட்டும் உருவிக்கொண்டு போனாலும் எளிதில் அகப்படாது.

வருஷம் முடிந்த பிறகு கணக்குச் சொன்னால் என்ன பயன்? வெட்டியவர் அதற்குள் விற்றுக் காசாக்கி இருப்பார். அதனால் 2004-ல் "டெட்டர்" என்ற எச்சரிக்கை முறையைத் தொடங்கினார்கள். வெட்டும்போதே தகவல் போகும். அந்த ஒரே ஆண்டில் அமேசானில் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர்!

கடன் நின்றது

2008 ஜனவரியில் பிரேசில் மத்திய சர்க்கார் ஒரு பட்டியல் போட்டது. காட்டை மிக அதிகமாக அழித்த 36 நகரசபைகளின் பெயர் அதில் இருந்தது. பரகோமினாசும் ஒன்று.

அமேசான் பகுதியில், காட்டுச் சட்டப்படி நடப்பதாகச் சான்று காட்டாதவர்களுக்கு விவசாயக் கடன் கொடுக்கக் கூடாது என்று மத்திய பாங்கும் அதே ஆண்டில் உத்தரவு போட்டது. மாடு வளர்ப்பவர்களும் பண்ணைக்காரர்களும் திடுக்கிட்டார்கள். நிற்கிற மரத்துக்கு முதல் தடவையாக ஒரு விலை வந்தது!

மேயர் அத்னான் டெமாச்கி ஊர் மக்களைக் கூட்டினார். "இனிக் காட்டை அழிப்பதில்லை" என்று ஒப்பந்தம் ஆயிற்று.

ஆபீசுக்குத் தீ!

ஆனால் எல்லோரும் ஒப்பவில்லை. 2008 நவம்பரில் அதிகாரிகள் திருட்டு மரம் ஏற்றிய லாரிகளைப் பிடித்தார்கள். ஒரு கும்பல் திரண்டு வந்தது. சுற்றுச்சூழல் இலாகா ஆபீசுக்குத் தீ வைத்தது. லாரிகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

தீ வைத்தது குற்றம்தான். ஆனால் மரத்தை நம்பியே அடுப்பு எரிந்த ஊர் அது என்பதையும் மறக்கக் கூடாது.

மேயர் பின்வாங்கவில்லை. பட்டியலில் இருந்து பெயரை எடுக்க இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஆண்டுக்கு 40 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு அழியக் கூடாது. நிலத்தில் 100-க்கு 80 பங்கு எல்லை குறித்துப் பதிவாக வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மரம் போன இடத்தைப் படம் காட்டும். அது யாருடைய நிலம் என்று காட்டாது! பண்ணைகளின் எல்லைக் கோட்டைப் படத்தின் மேல் வைத்தால், ஆள் அகப்பட்டு விடுவார்.

2010-ல் பரகோமினாசின் பெயர் நீக்கப்பட்டது. 36-ல் முதலில் வெளியே வந்த ஊர் அதுதான். ஏற்கனவே அழித்த நிலத்திலேயே சோயா, மக்காச்சோளம் பயிரிட்டார்கள். நட்டு வளர்த்த மரத்தில் பலகை செய்யும் தொழிலும் வந்தது. பழைய மில்கள் பல மூடியபடியே கிடந்தன.

கணக்குச் சொன்னவர் கதி

2012-ல் அமேசான் முழுவதிலும் அழிந்த காடு 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. பிறகு மறுபடியும் ஏறத் தொடங்கியது. 2019-ல், இன்பே சொல்லும் கணக்கு பொய் என்றார் அப்போதைய ஜனாதிபதி போல்சனாரோ. இன்பே தலைவர் ரிக்கார்டோ கால்வாவோ, "கணக்கு சரிதான்" என்று எதிர்த்துச் சொன்னார். அவர் பதவி போயிற்று!

ஆனால் கணக்கு எடுப்பது நிற்கவில்லை. 2021-ல் அழிந்தது 13,038 சதுர கிலோமீட்டர் என்று படம் சொன்னது. 2024-ல் அது ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. கால்வாவோவை 2023-ல் நாட்டின் விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பணம் வழங்கும் சபைக்குத் தலைவராக நியமித்தார்கள்.