ஒரு அணாவில் மத்தியானச் சாப்பாடு! நிறுத்தச் சொன்னது சர்க்கார்

ஒரே ஒரு அணா!

பிள்ளை ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு, அதற்கு மேல் செலவு போகக் கூடாது. 1920-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந்தேதி சென்னை மாநகராட்சி மன்றம் போட்ட தீர்மானம் இது.

எதற்குச் செலவு? ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானம் சாப்பாடு போட!

"அணான்னா எவ்வளவு?" என்று இந்தக் காலத்துப் பையன்கள் கேட்பார்கள். ரூபாய்க்கு 16 அணா. 1957-ல் நயா பைசா வந்தபோது போட்ட கணக்குப்படி ஆறே கால் பைசா. இன்றைக்கு அதை நீட்டினால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

அன்றைக்கு அந்தக் காசுக்கு வயிறு நிறைந்தது.

கடை சூறையான ஊர்

அப்போது சென்னை எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும்.

முதல் உலகப்போர் 1918 நவம்பரில் முடிந்தது. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரில், சென்னையில் ஜனங்கள் கடைகளில் புகுந்து சூறையாடினார்கள். காரணம் விலைவாசி. அரிசி, துணி, மண்ணெண்ணெய், எதைத் தொட்டாலும் சுட்டது. கூலி வேலை செய்பவர் வீட்டில் அடுப்பு எரிந்தால் அதுவே அதிசயம்.

அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே ஓடும்? பதிவேட்டில் பேர் இருக்கும், பெஞ்சில் ஆள் இருக்காது!

வெள்ளுடை வேந்தர்

இதைக் கவனித்தவர் அன்றைய மாநகராட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். தலை முதல் கால் வரை எப்போதும் வெள்ளை உடைதான். அதனால் "வெள்ளுடை வேந்தர்" என்று பேர். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்து, முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது "எனக்கு வேண்டாம்" என்று சொன்ன மனிதர். (இப்படியும் இருந்திருக்கிறார்கள்!)

மன்றத்தில் அவர் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகள் பரம ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை ஏறவில்லை என்றார். தருமம், புண்ணியம் என்றெல்லாம் பேசவில்லை. பிள்ளைகள் வரவேண்டும், அதற்குச் சோறு போடவேண்டும். அவ்வளவுதான்.

ஆயிரம் விளக்கில் தொடங்கியது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது.

பலன் என்ன தெரியுமா? இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 பிள்ளைகள் இருந்தார்கள். 1924-25-ல் 1,671 பேர்! இரண்டே வருஷத்தில் இரட்டிப்புக்கு மேல். புதுக் கட்டிடம் கட்டவில்லை, புது வாத்தியார் படையும் வரவில்லை. சோறு போட்டார்கள், பிள்ளைகள் வந்தார்கள்.

குறுக்கே வந்த கணக்கு

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே!

இந்தச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுத்தார்கள். அங்கேதான் வெள்ளைக்காரச் சர்க்கார் பிடித்துக்கொண்டது. கல்வி நிதி கல்விக்குத்தான், சோறு கல்விச் செலவு ஆகாது, செல்லாது, செல்லாது!

பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது ஊரில் எந்தப் பாட்டிக்கும் தெரியும். கோட்டையில் இருந்தவர்களுக்கு மட்டும் அது கணக்குத் தலைப்பு விவகாரமாகப் பட்டது.

1925 ஏப்ரல் 1-ந்தேதியோடு மதிய உணவு நின்றது.

அதே மாதம் 28-ந்தேதி தியாகராயர் காலமானார்.

தீபாவளிக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவில் முட்டி மோதுகிறோமே, அந்தத் தி.நகர் அவர் பேரில் உள்ள தியாகராய நகர்தான். அதுவும் இந்த வருஷங்களில் உருவான பேட்டை. கூட்டத்தில் நசுங்கும்போது "தி" என்றால் யார் என்று யாருக்கு ஞாபகம் வரும்?

1927-ல் சர்க்கார் கொஞ்சம் இறங்கி வந்தது. 25 பள்ளிகளில், மொத்தம் ஆயிரம் பிள்ளைகளுக்கு மட்டும் சோறு போடலாம் என்று அனுமதி. பெருக்கி வகுத்துப் பாருங்கள், பள்ளிக்கு 40 பேர்! பக்கத்தில் உட்கார்ந்த நாற்பத்தோராவது பையன் என்ன செய்தான்? அதைக் கணக்குப் புத்தகம் சொல்லாது.

மாநிலம் முழுக்கக் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது 1956-ல். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-ல். காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022-ல். பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது வீண் செலவு என்று வாதம் செய்ய ஆள் கிடைக்காத நிலை வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

குமாஸ்தாக்களின் கடை

ஏழைப் பிள்ளைக்கு மாநகராட்சி சோறு போட்டது. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு அரிசி?

அதற்கு வழி கண்ட ஊர் திருவல்லிக்கேணி! அங்கே 1904-லேயே சிலர் சேர்ந்து கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அதுதான் "டி.யு.சி.எஸ்." தொடங்கியவர்களில் ஒருவர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. அப்போது அவர் அங்கே இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர் நெசவாளிகள் 1844-ல் நடத்திக் காட்டிய வழியைத்தான் இவர்கள் பிடித்தார்கள். கடைக்கு முதலாளி கிடையாது. சாமான் வாங்குகிறவர்களே பங்குதாரர்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மளிகைக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கியவர்களைக் கேட்டால் தெரியும்! முதல் தேதி சம்பளம் வந்தால் பாதி கடைக்காரருக்கு. எடை கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் வாயைத் திறக்க முடியாது. அரிசியில் கல் இருந்தாலும் "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" தான். பாக்கி வைத்திருப்பவன் எப்படிச் சண்டை போடுவான்? (நியாயமான கடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அவர்களுக்கும் வராத பாக்கி உண்டு.)

கூட்டுறவுக் கடையில் தராசு தன்னுடையது. லாபம் வந்தால் அதிலும் பங்கு. போர்களுக்கு நடுவே இருந்த 20 வருஷத்தில் இந்தச் சங்கத்தின் கிளைகள் பல பேட்டைகளுக்குப் பரவின. சங்கம் நூறு வயதைத் தாண்டி நின்றது. தேனாம்பேட்டை "காமதேனு" அங்காடி அவர்களுடையதுதான்.

சாமான் வாங்க டி.யு.சி.எஸ். என்றால், சும்மா சுற்றிப் பார்க்க மூர் மார்க்கெட்! சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், 1900-ல் திறந்தது. பழைய புத்தகம், பொம்மை, கிளி, புறா, எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவர் அங்கே போகக் கூடாது. 1985 மே மாதம் தீயில் போய்விட்டது.

பீச்சிலிருந்து தாம்பரம்

மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு தேதி: 1931 மே 11. அன்றுதான் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. டிராம் வண்டி 1895 முதலே ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அது ஊருக்குள்தான். பல்லாவரம், தாம்பரம் என்று குடியிருந்துகொண்டு கோட்டைக்கும் பாரிமுனைக்கும் தினமும் வேலைக்கு வந்து போக வசதி செய்தது இந்த ரெயில்தான். அந்தக் குறுகிய பாதை ரெயில் 2004 ஜூலை வரை ஓடியது.

பூங்காவில் பாட்டு

வேலை முடிந்து வருகிறவருக்கு மாநகராட்சி இன்னொன்றும் கொடுத்தது. பாட்டு!

சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரின் முயற்சியில் 1924-ல் சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கியது. 40 வாட் கருவியை வைத்துக்கொண்டு ஒலிபரப்பினார்கள். நம் வீட்டுக் குண்டு பல்பு அளவு சக்தி! பணம் இல்லாமல் 1927-ல் கிளப் படுத்துவிட்டது. கருவி மாநகராட்சி கைக்கு வந்தது.

1930 ஏப்ரல் 1-ந்தேதி மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கியது. (சோற்றை நிறுத்தியதும் ஏப்ரல் 1, பாட்டைத் தொடங்கியதும் ஏப்ரல் 1. கணக்கு வருஷம் பிறக்கும் நாள் அல்லவா!) ரேடியோப் பெட்டி வாங்கப் பணக்காரரால்தான் முடியும். ஆகவே மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். டிக்கெட் கிடையாது, சபா கிடையாது. வண்டிக்காரரும் வக்கீலும் ஒரே புல்தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

1938 ஜூன் 16-ந்தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. மாநகராட்சி தன் ஒலிபரப்பை அதோடு முடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் செப்டம்பரில் மறுபடியும் போர். அரிசி விலை மறுபடியும் ஏற ஆரம்பித்தது.